ஒடியல் மா ஒட்டிய போன்

"அரைக் கிலோ காணுமோ பிள்ளை, இல்லாட்டி ஒரு கிலோவாக் கட்டட்டோ?"

இன்று காலை முல்லைத்தீவுப் புதுக்குடியிருப்பில் பெரியம்மா வீட்டு முற்றம். முகம் தெரியாத கொழும்புக்காரப் பிள்ளை ஒன்றுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். அழுத்திப் பிடித்த பெருவிரலில் ஒடியல் மா, காயவைத்த பனங்கிழங்கை இடித்த மா. விரலை எடுத்தபோது போன் கண்ணாடியில் அந்த ரேகை அப்படியே வெள்ளையாகப் பதிந்திருந்தது.

எழுதத் தயங்குகிறவர் அவர். பேசத் தயக்கமே இல்லை.

கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. சுளகில் காய்கிற புழுக்கொடியலை, அதாவது அவித்த பனங்கிழங்கை, மகள் படம் பிடித்து முகநூலில் போட்டாள், அதுதான் விளம்பரம். முன்பு வாசலுக்கு வரும் வியாபாரி சொன்னதே விலை, இப்போது பெரியம்மா விலை சொல்கிறார். எனக்கு இதுதான் பெரிய விசயம்.

எல்லாம் நல்லபடி என்றில்லை. போன மாதம் ஒருவர் இரண்டு கிலோ வாங்கிவிட்டுக் காசும் போடாமல் நம்பரையும் தடுத்துவிட்டார். அதற்குப் பிறகு காசு வந்தால்தான் பார்சல் பஸ் ஏறும்.

2006 ஓகஸ்டில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை மூடியபோது, அங்கே இருந்த அக்காவுக்கு 'சுகமாக இருக்கிறோம்' என்று ஒரு வரி சொல்ல, செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுபோகும் துண்டுக் கடிதத்தை நம்பி இதே முற்றத்தில் நாள் எண்ணிக்கொண்டு இருந்தோம்.

போன் கிணுங்கியது. காதில் வைத்து இரண்டு தரம் கேட்டார்.

"ஒரு கிலோவாம்" என்று சுளகை இழுத்தார்.