விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு சொட்டு இரத்தம்

பாலக்கோட்டில் ஆசிரியராகப் பணிபுரியும் எனக்கு வயது 52. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொண்டு வருகிறேன். சென்ற ஆண்டு, இரவில் பனியன் நனைய வியர்த்து விழிப்பதும், நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுவதும், காலையில் தலை கனப்பதும், பிற்பகல் வகுப்பில் நாற்காலியிலேயே கண் அயர்வதும் வழக்கமாயின. சர்க்கரைதான் கூடிவிட்டது என்று நானே முடிவுகட்டி வேறொரு மருத்துவரிடம் சென்றேன். பழைய மாத்திரைகளைப் பற்றி அவரிடம் சொல்லாமல் விட்டது என் தவறு. போதாததற்கு, மருந்துக் கடை ஒன்றில் சீட்டில்லாமலே தூக்க மாத்திரையும் வாங்கிக்கொண்டேன்.

"குறட்டை விடும்போது நடுநடுவே உங்களுக்கு மூச்சே நின்னுபோகுது" என்று மனைவி பயந்துபோய்ச் சொன்ன பிறகே சேலத்தில் ஓரிரவு தங்கி உறக்கப் பரிசோதனை செய்துகொண்டேன். மணிக்குச் சராசரியாக 34 முறை மூச்சு தடைபட்டிருந்தது. 30 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான நிலையாம். முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதை அடைபடாமல் காக்கும் சிபாப் கருவிக்குச் சொல்லிவிட்டு, வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துவரும்படி மருத்துவர் பணித்தார்.

மஞ்சள் பையைக் கவிழ்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. வெவ்வேறு பெயரும் நிறமும் கொண்ட இரண்டு அட்டைகளின் பின்புறத்தில், பொடி எழுத்தில், கிளிமெபிரைடு 2 மி.கி. என்றே இருந்தது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும் அம்மருந்தை இரு மடங்காக விழுங்கிவிட்டு, பாதிக் களியோடு எழுந்துவிடுவது என் வழக்கம். தூக்க மாத்திரையோ தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மூச்சுத் தடையை மோசமாக்கக்கூடியது. சர்க்கரை தாழும்போது வரவேண்டிய விழிப்பையும் மழுங்கடிக்கக்கூடியது.

கருவி வந்து சேரும்வரை, வியர்த்து விழிக்கும்போதெல்லாம் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார். முதல் இரவு மூன்று மணிக்கு 58 காட்டியது. 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை என்பதால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன். இரண்டு நாள் கழித்து அதே வியர்வை, அதே படபடப்பு, அளவோ 164. அன்றைய வியர்வை மூச்சுத் தடையால் வந்தது. அளந்து பாராமல் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்திருந்தால் அளவு இன்னும் ஏறியிருக்கும்.

அதன்பின் ஓர் அட்டை முற்றிலும் நின்றது. மற்றது காலை உணவோடு 1 மி.கி. ஆனது. சிறுநீரகச் செயல்பாட்டைச் சோதித்துவிட்டு மற்றொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைத் தொடரச் சொன்னார். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசினை நான் இரவில் உட்கொண்டிருந்தேன். அது காலைக்கு மாறியது. தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

2024 டிசம்பரில் அமெரிக்காவில், உடற்பருமனோடு மிதமான அல்லது கடுமையான மூச்சுத் தடை உள்ளவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட டிர்செபடைடு ஊசி பற்றியும் கேட்டேன். பசியைக் குறைக்கும் அதனைக் கிளிமெபிரைடோடு சேர்த்தால் தாழ்சர்க்கரைக்கு வாய்ப்புக் கூடும் என்றார். விலையையும் யோசித்து இப்போதைக்கு ஒத்திவைத்துள்ளேன்.

முகமூடி பழகப் பத்து நாள் ஆயிற்று. மின்வெட்டுக்காக இன்வெர்ட்டர் இணைப்பும் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது இரவில் ஒருமுறைதான் எழுகிறேன். ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு 8.1 சதவீதத்திலிருந்து 7.9-க்குத்தான் வந்திருக்கிறது, கருவியே சர்க்கரையைக் குறைத்துவிடும் என்று எதிர்பார்த்தது என் பேராசை.