ஸ்டார்லட் ஜீடி டர்போ: ‘ஹை’யில 0.65 ஏறிட்டுது

ஈபி82 ஸ்டார்லட் ஜீடியின்ர பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள்ள தள்ளுற காத்தின்ர அழுத்தம்) இப்ப சுவிச்சை ‘லோ’வில வைச்சால் 0.4 பார், ‘ஹை’யில 0.65 பார் எண்டு ஆடாமல் நிக்குது. “டர்போ போயிட்டுது, ரீபில்ட் அடிக்கவேணும்” எண்டு சொல்லி வித்த வண்டி, அதே சிடி9 டர்போ. ஒரு ஹோஸைத் தவிர புதுசா ஒண்டும் போடேல்லை.

வாங்க முதல் வண்டி உண்மையான ஜீடியோ எண்டு தெளியவேணும். ஈபி82 சேசிஸில டர்போ இல்லாத 4ஈ-எஃப்ஈயும் வந்தது. ரெண்டும் 1331 சிசி, அதால சிஆர் (வாகனப் பதிவு) புத்தகத்தில கொள்ளளவைப் பாத்துப் பிரயோசனமில்லை. பொனற்றில இருக்கிற காத்து மூக்கும் சாட்சியில்லை, அதை வாங்கிப் பூட்டலாம். எஞ்சின் அறைத் தகட்டில 4ஈ-எஃப்டிஈ எண்டு இருக்கோ, புளொக்கில அடிச்ச நம்பரும் சிஆர் நம்பரும் ஒண்டோ எண்டு பாருங்கோ. பொருந்தாட்டி எஞ்சின் மாத்தி ஏத்தினது. அதுவும் நல்லா ஓடும், ஆனா ஜீடி விலை குடுக்கக்கூடாது. மாற்றம் பதியாமல் கிடந்தால் பெயர் மாத்தேக்க இழுபடும்.

டர்போவை எஞ்சின் ஆறினாப் பிறகு பாக்கவேணும். பில்டர் பக்கக் குழாயைக் கழட்டி, ரோச் அடிச்சு, கொம்பிரசர் இறகின்ர முன்விளிம்பைப் பாருங்கோ. கூரா இருக்கவேணும். மழுங்கியிருந்தால் கிறவல் புழுதி அரிச்சிருக்கு. திறந்த கூம்பு பில்டரோட அக்கராயன், முத்தையன்கட்டுப் பக்க ஒழுங்கையளில ஓடின கார் எண்டால் இதை விடவே கூடாது. வன்னிக்கு மூடின பெட்டியும் கடதாசி பில்டரும்தான் சரி. பிறகு தண்டை ஆட்டிப் பாருங்கோ. பக்கவாட்டில கொஞ்சம் அசையும், அது இயல்பு, ஆனா இறகு சுவரில முட்டக்கூடாது. முன்னுக்குப் பின்னா இழுத்தால் கைக்கு அசைவு தெரியக்கூடாது. தெரிஞ்சால் த்ரஸ்ட் பேரிங் முடிஞ்சுது. இன்டர்கூலர் (டர்போக் காத்தை ஆத்திற கூலர்) குழாயில மெல்லிய ஒயில் பூச்சு இருக்கிறது பிரச்சினையில்லை, தேங்கி நிண்டால்தான் யோசிக்கவேணும்.

ரேடியேற்றர் மூடிக்குள்ள விரலை விட்டுப் பாருங்கோ. வெள்ளைப் படிவு ஒட்டினால் கிணத்துத் தண்ணி ஊத்தி ஓடியிருக்கினம். எங்கட தண்ணியில சுண்ணாம்பு கூட. சிடி9 நடு உடம்புக்குள்ளாலயும் தண்ணி ஓடுது. அந்தச் சின்னக் குழாய் அடைபட்டால் எஞ்சினை நிப்பாட்டினாப் பிறகு ஒயில் அதுக்குள்ளயே கருகிப் பிடிக்கும். கூலன்ற் கலக்கிறதுக்கு வடிச்ச தண்ணி மட்டும் பாவியுங்கோ.

இனி பூஸ்ட். இந்த வண்டி ‘ஹை’ அமத்தினாலும் 0.4 தாண்டேல்லை. கனபேர் இந்த இடத்தில டர்போவைக் கழட்டிப்போடுவினம். அது தேவையில்லாத வேலை. ‘லோ’வில கொம்பிரசர் அழுத்தம் முழுக்க அக்சுவேற்றருக்குப் போகும்; அது 0.4இல வேஸ்ட்கேற்றை (புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிற கதவு) தள்ளித் திறக்கும். ‘ஹை’யில விஎஸ்வி எண்ட மின்சார வால்வு அந்த அழுத்தத்தில ஒரு பங்கைக் கசியவிடும்; அக்சுவேற்றர் பிந்தித் திறக்கும், பூஸ்ட் 0.65க்கு ஏறும். ஆகவே ரெண்டு கேஜ் வேணும்: ஒண்டு மனிபோல்டில (எஞ்சினுக்குக் காத்துப் போற இடம்), மற்றது ரீ-துண்டு போட்டு அக்சுவேற்றர் ஹோஸில. ‘ஹை’யில மனிபோல்ட் 0.65ஐயும் அக்சுவேற்றர் 0.4 அளவையும் காட்டினால் எல்லாம் சரி. ரெண்டும் 0.4 எண்டால் கசிவு நடக்கேல்லை. மனிபோல்ட் குறைஞ்சு அக்சுவேற்றர் கூடக் காட்டினால் இன்டர்கூலர் குழாயில வெடிப்பு. மனிபோல்ட் 0.65ஐத் தாண்டிப் பாய்ஞ்சு எஞ்சின் வெட்டி இழுத்தால் அக்சுவேற்றர் ஹோஸ் பிளந்திருக்கு, உடன காலை எடுங்கோ. ஓட்டம் ரெண்டாம் கியரில காணும். கேஜைப் பாக்க பக்கத்தில ஒராள் இருக்கவேணும். ஏ9இல மாடு எப்ப குறுக்க வருமெண்டு தெரியாது.

இங்க ரெண்டும் 0.4. விஎஸ்விக்கு நேர 12 வோல்ட் குடுத்தால் ‘டிக்’ எண்டுது, ஊதினால் காத்தும் போகுது. வால்வு நல்லது, அடைப்பு அதுக்கு அங்கால. கூம்பு பில்டர் போட்ட ஆரோ கசிவு ஹோஸின்ர மறுமுனையைக் கொழுவாமல் தொங்கவிட்டிருக்கினம், அதுக்குள்ள குளவி மண்கூடு கட்டியிருந்தது. முழு ஹோஸையும் 4 மில்லிமீற்றர் சிலிக்கன் ஹோஸால மாத்தி, முனையை டர்போவுக்கு முன் குழாயில கொழுவினாச்சு. பழைய ஹோஸுக்குள்ள சிறு துளைத் தக்கை இருந்தால் எறியாமல் புதுசுக்கு மாத்துங்கோ, அது இல்லாட்டி அளவு குழம்பும்.

பெற்றோல் 95 தான். எல்லாச் செற்றிலயும் கிடைக்காது; 92 அடிச்சால் ‘லோ’விலயே வைச்சிருங்கோ.

கொம்பிரஷன் சூடான எஞ்சினில, அக்சிலறேற்றரை முழுக்க அமத்திப் பாக்கவேணும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 1 கிலோவுக்குள்ள (14 பிஎஸ்ஐ அளவு) நிண்டால் நல்லது. டைமிங் பெல்ற், ரென்ஷனர், தண்ணிப் பம்ப் மூண்டையும் ஒண்டா மாத்தப் போறன். கிலோமீற்றர் மானியை நம்பி பெல்ற்றை விடேலாது. கொழும்பு பஞ்சிகாவத்தையில பெல்ற் வாங்கேக்க பொதியை மட்டும் பாக்காமல் பல்லை எண்ணிப் பழசோட ஒப்பிடுங்கோ.

சோதனைச் சொக்கற்றில டிஈ1, ஈ1 ரெண்டு முனையையும் இணைச்சு பிழைக் கோட் எடுத்தால் 52 இன்னும் மின்னுது. அது நொக் (எரிபொருள் தாறுமாறா வெடிக்கிற தட்டல் சத்தம்) சென்சர் வயர். அது கிடக்குமட்டும் கணினி டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து வைச்சிருக்கும், 0.65 இருந்தும் இழுவை முழுசா வராது. அந்த வயர் கவசம் போட்டது, சாதாரண வயரால ஒட்டினால் வேற சத்தத்தையும் நொக் எண்டு எடுக்கும். கவச வயரும் புது சொக்கற்றும் பெல்ற்றோட சேர்த்து எடுக்கவேணும்.