லார்ட் கேள்வியில் அரியர் வைத்தவன் எழுதுவது

நேற்று ரிசல்ட் வந்தது. 64. போன முறை இதே பாப் இசைத் தாளில் 31 வாங்கி அரியர் வைத்தவன் நான். பதின்வயதுப் பாடகர் ஒருவர் உலகப் புகழ் அடைந்த கதையை விளக்கச் சொல்லும் நெடுவினாவுக்கு இரண்டு முறையும் நான் எடுத்த கேஸ் ஸ்டடி நியூசிலாந்துப் பாடகி லார்ட்தான். படித்த குறிப்புகளும் ஏறக்குறைய அதேதான். ஆகவே எது என்னைக் கவிழ்த்தது, எது தூக்கிவிட்டது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

போன முறை தோற்றதும் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். நெடுவினாவுக்கு என் முதல் வரி: "16 வயது லார்ட் ஒரே இரவில் உலகப் புகழ் அடைந்தார்." 'ஒரே இரவில்' என்பதைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் "எந்த இரவு?" என்று கேட்டிருந்தார் திருத்தியவர். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் நகலைக் கசக்கிப் போட்டுவிட்டு, மறுநாள் எடுத்து நீவி வைத்தேன்.

சரி, எந்த இரவு? தேடிப் பார்த்ததில் நான்கு வருடம் கிடைத்தது. 2009-இல் ஆக்லாந்தில் பள்ளித் திறமைப் போட்டியில் நண்பன் ஒருவனோடு சேர்ந்து ஜெயிக்கிறார். அந்த நண்பனின் அப்பா இருவரும் பாடிய பதிவுகளை யுனிவர்சல் இசை நிறுவனத்துக்கு அனுப்ப, 13 வயதில் ஒப்பந்தம். நான் போன முறை இங்கிருந்து நேரே 2013-க்குத் தாவிவிட்டேன். மார்க் எல்லாம் அந்த இடைவெளியில்தான் கிடக்கிறது. குரல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாட்டெழுதும் ஆட்கள் சிலரோடு உட்கார வைத்துப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. 2011 டிசம்பரில்தான் இசைத் தயாரிப்பாளர் ஜோயல் லிட்டிலோடு வேலை தொடங்குகிறது. ஒரு பெரிய நிறுவனம் ஒரு பள்ளி மாணவியை இத்தனை காலம் ஒன்றும் வெளியிடாமல் வைத்துக் காத்திருந்தது என்பதுதான் இந்தக் கதையிலேயே விசித்திரம். இந்தப் பத்தி மட்டும் இந்த முறை முக்கால் பக்கம் எழுதினேன்.

இனி என் ஒரே தந்திரம். உள்ளே போனதும் கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடு போட்டு ஆண்டு, மாதம், வயது என்று மூன்று கட்டம் எழுதிவிடுங்கள். வயதுக் கட்டம்தான் உயிர். லார்ட் பிறந்தது 1996 நவம்பர் 7. ஆகவே பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 2013 அக்டோபரில் 16, மூன்றே மாதம் தள்ளி கிராமி விருது மேடையில் 17. போன முறை இரண்டையும் குழப்பி எழுதியிருந்தேன். பதின்வயது என்று கேள்வியிலேயே இருக்கும்போது வயதில் தப்பு செய்தால் யார் மன்னிப்பார்கள்?

கட்டத்தில் இருக்க வேண்டியவை:

- 2012 நவம்பர்: 'தி லவ் கிளப்' பாட்டுத் தொகுப்பு சவுண்ட்கிளவுட் என்ற இணையதளத்தில் இலவசமாக. சுமார் 60,000 பதிவிறக்கம் ஆன பிறகு, 2013 மார்ச்சில்தான் யுனிவர்சல் அதை விற்பனைக்கு விட்டது. இரண்டு தேதியும் வேண்டும்.
- 2013 ஏப்ரல்: இணையத் தொழிலதிபர் ஷான் பார்க்கர் தன் ஸ்பாட்டிஃபை பட்டியலில் அந்தத் தொகுப்பின் 'ராயல்ஸ்' பாட்டைச் சேர்த்தது. இதுதான் ஒரே காரணம் என்று எழுதினால் போச்சு.
- ஆகஸ்ட்: அமெரிக்க ஆல்டர்நேட்டிவ் (மாற்று ராக்) வானொலிப் பட்டியலில் 'ராயல்ஸ்' முதலிடம். 1996-இல் பாடகி ட்ரேசி போனமுக்குப் பிறகு அந்த முதலிடத்துக்கு வந்த முதல் தனிப்பாடகி லார்ட்.
- அக்டோபர்: அமெரிக்காவின் முக்கியப் பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-இல் முதலிடம், ஒன்பது வாரம்.
- 2014 ஜனவரி: இரண்டு கிராமி. அதில் 'ஆண்டின் பாடல்' எழுதியவர்களுக்கான பரிசு, லிட்டிலுக்கும் சேர்த்து. 'ஆண்டின் ஒலிப்பதிவு' வேறு, அது லார்டுக்குக் கிடைக்கவில்லை.

'ராயல்ஸ்' பிறந்த கதை தித்திப்பானது, அதனாலேயே ஆபத்தானது. நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் ஒரு பழைய படம்: பேஸ்பால் வீரர் ஜார்ஜ் பிரெட் பந்துகளில் கையெழுத்துப் போடுகிறார், சட்டையில் 'ராயல்ஸ்' என்ற அணிப் பெயர். அந்தச் சொல் பிடித்துப்போய் லார்ட் அரை மணி நேரத்தில் வரிகளை எழுதிவிட்டார். போன முறை இதற்கே ஒன்றரைப் பக்கம் ஒதுக்கினேன், ஒரு 'சரி' குறிகூட விழவில்லை. இந்த முறை இரண்டே வரி. மிச்சத்தில், பாப் பாட்டுகளில் வரும் வைர நகை, சொகுசு கார் ஆடம்பரத்தை அந்தப் பாட்டே கிண்டல் செய்வதையும், அதே பாப் பட்டியலின் உச்சியில் அது போய் உட்கார்ந்ததையும் எழுதினேன். அங்கேதான் மார்க் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

குரூப் ஸ்டடி வேண்டாம். எனக்கு ஆகாது, அதனால் சொல்கிறேன். நாலு பேர் சேர்ந்தால் பாட்டு கேட்பதோடு சரி. தனியாக உட்கார்ந்து அந்த மூன்று கட்டத்தை ஒரு இருபது தடவை போட்டுப் பாருங்கள்.

இந்த முறையும் நகலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பாஸான ஆள் எதற்கு நகல் கேட்கிறான் என்று அலுவலகத்தில் ஒரு மாதிரி பார்த்தார்கள். முதல் வரியில் "நான்கு வருடம்" என்று எழுதியிருக்கிறேன். அந்த ஓரத்தில் பென்சில் ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.