தப்பால் பையும் நியூஸ் சேர்வரும்

2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் நான் வேலை பார்த்த கொமினிகேஷன் கடையின் கணினியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருளைத் திறந்து, யூஸ்நெட் செய்திக்குழுக்களின் புதிய தலைப்புகளை வழக்கம்போல இறக்க முயன்றேன். சேர்வரைக் காணவில்லை என்ற ஒற்றை வரிதான் திரையில் வந்தது. மழைக்கு லைன் இரைவது எங்கள் ஊரில் புதிதன்று என்பதால் மூன்று தடவை துண்டித்து மீண்டும் டயல் செய்து பார்த்தேன். மின்னஞ்சல் வந்தது, இணையத்தளங்கள் திறந்தன, இது மட்டும் வரவில்லை. மறுநாள் இணைப்பு வழங்கிய நிறுவனத்தை அழைத்து, நியூஸ் சேர்வர் வேலை செய்யவில்லை என்று சொன்னபோது, "எந்தப் பேப்பர் சேர்? இங்கே எல்லாம் திறக்கிறதே" என்று மறுமுனையில் இருந்த தம்பி கேட்டார். அவர்மீது குற்றமில்லை. சேவையை நிறுத்திய செய்தி அவருக்கே எட்டியிருக்கவில்லை.

யூஸ்நெட் என்பது 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டொம் ட்ரஸ்கொட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரின் யோசனையாகப் பிறந்து, மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்த கலந்துரையாடல் வலையமைப்பு. செய்திக்குழு என்பது அதில் ஒரு தலைப்புக்கான பகுதி. வலையமைப்புக்குத் தலைமையகம் கிடையாது. ஒவ்வொரு சேர்வரும், அதாவது மடல்களை வைத்திருந்து வழங்கும் கணினியும், தன்னிடம் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, பக்கத்துச் சேர்வரிடம் "இன்ன அடையாளமிட்ட மடல் என்னிடம் உண்டு" என்று அறிவிக்கும். வேண்டுமென்றால் 335 என்றும், வேண்டாமென்றால் 435 என்றும் பதில் வரும். 1986இல் வெளியான ஆர்.எஃப்.சி. 977 என்ற ஆவணம் வகுத்த இந்த முறையைப் படித்தபோது எனக்குத் தேயிலைத் தோட்டத்துத் தப்பால்காரர்தான் நினைவுக்கு வந்தார்.

லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருந்தவர்களுக்குத் தனி முகவரி இருந்ததில்லை. பெயருக்குக் கீழே டிவிசனையும் தோட்டத்தையும் எழுதினால், தப்பால்காரர் டவுனுக்குப் போய் எல்லாருடைய கடிதங்களையும் ஒரே பையில் கொண்டுவந்து தோட்ட ஆபீசில் சேர்ப்பார். இணைப்பு நிறுவனத்தின் நியூஸ் சேர்வர் செய்ததும் அதே வேலைதான். விலை கூடிய கடலடிக் கேபிள் வழியாக ஒரு மடல் ஒரேயொரு தடவை கொழும்புக்கு வந்தால் போதும். அதன்பின் எத்தனை பேர் படித்தாலும் உள்ளூர்ப் பிரதியிலிருந்தே படித்துக்கொள்ளலாம். ஆனால் பையை வைத்திருப்பவரின் தயவில்தான் எல்லாம் நடக்கும் என்ற குறையும் இரண்டுக்கும் பொதுவானது. நேர்முகத் தேர்வுக்கான கடிதம் ஆபீஸ் மேசையில் கிடந்து, தேர்வு முடிந்தபின் கைக்கு வந்த கதை எங்கள் பக்கத்தில் அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

டெலிபோன் லைன் வழியாக டயல் செய்து இணையும் டயல்-அப் காலத்தில் எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சேவை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நிமிடக் கணக்கில் டெலிபோன் பில் ஏறும் கடையில், ஐந்து நிமிடம் இணைந்து, குறித்து வைத்த மடல்களை இறக்கி, லைனைத் துண்டித்துவிட்டு, கடை மூடும்வரை ஆறுதலாகப் படித்துப் பதில்களை எழுதி, மறுநாள் காலையில் இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிடலாம். சமூகப் பண்பாட்டுப் பிரிவில் தமிழுக்கு ஒன்றும் இலங்கைக்கு ஒன்றுமாகக் குழுக்கள் இருந்தன, சண்டைக்குக் குறைவில்லை. எனக்கு உண்மையில் பயன்பட்டது, கணினியை டெலிபோன் லைனோடு இணைக்கும் மோடம்களுக்கென்று இருந்த குழுதான். மழை நாளில் இணைப்பு அறுந்துபோகிறது என்று எழுதியபோது, முன்பின் தெரியாத ஒருவர், மோடத்தின் உச்ச வேகத்தைக் குறைத்துக் கட்டும் கட்டளையை அனுப்பி, வேகம் குறைந்தால் இரைச்சலைத் தாங்கும் என்று விளக்கியிருந்தார். அப்படியே செய்தேன், அந்த மழைக்காலம் முழுவதும் லைன் அறவில்லை.

யூஸ்நெட் சேவையை நிறுத்த இணைப்பு நிறுவனங்கள் சொன்ன காரணங்களில் பாதி நியாயமானவை. எழுத்து மடல்களுக்காக அமைந்த வலையில் படங்களும் திரைப்படங்களும் மென்பொருள்களும் எழுத்தாக உருமாற்றப்பட்டுத் துண்டுதுண்டாக ஏறத் தொடங்கியபின், ஒரு நாளின் வரத்தே பல டெராபைட் ஆனது. அதைச் சேமித்து வைப்பது செலவுதான். அமெரிக்க இணைப்பு நிறுவனமான ஏ.ஓ.எல். 2005இல் விலகியது. 2008இல் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் அன்ட்ரூ குவோமோவின் விசாரணையில் சிறுவர் துஷ்பிரயோகப் படங்கள் 88 குழுக்களில் கண்டறியப்பட்டன. அந்தக் குழுக்களை மூடியே தீரவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் டைம் வோர்னர் கேபிள் நிறுவனம் யூஸ்நெட் சேவை முழுவதையுமே நிறுத்தியது, வெரைசன் முதலில் ஒரு பிரிவை மட்டும் வெட்டிவிட்டு 2009இல் மிச்சத்தையும் கைவிட்டது, ஏ.டி.அன்ட்.டி.யும் அதே ஆண்டில் விலகியது. 2010 மே மாதத்தில், எல்லாம் தொடங்கிய டியூக் பல்கலைக்கழகமே தன் சேர்வரை அணைத்தது. கோப்புக் குழுக்களை நீக்கிவிட்டு எழுத்துக் குழுக்களை மட்டும் வைத்திருந்தால் மூலையில் கிடக்கும் பழைய கணினியொன்றே போதியிருக்கும். களை வெட்டப் போனவர்கள் தேயிலையையும் சேர்த்து வெட்டினார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அதன்பின் பலருக்கும் எஞ்சிய வாசல் கூகுள்தான். 1995இலிருந்து டெஜா நியூஸ் என்ற தளம் சேர்த்து வைத்த பழைய மடல்களை அது 2001இல் வாங்கியிருந்தது. 2024 பெப்ரவரி 22 முதல் அந்த வாசலிலும் புதிய மடல்களை அனுப்ப முடியாது. பழையவற்றை வாசிக்க மட்டும் விட்டிருக்கிறார்கள். குப்பை மடல்களை ஒரு காரணமாகச் சொன்னார்கள். கடைசிக் காலத்தில் அந்தக் குப்பையில் கணிசமான பங்கு அவர்களுடைய வாசல் வழியாகவே வந்தது என்பதை அவர்கள் சொல்லவில்லை.

எழுத்து மடல்களை மட்டும் இலவசமாகத் தரும் சேர்வர் ஐரோப்பாவில் இன்னும் இயங்குகிறது. சென்ற வாரம் டிக்கோயாவில் வீட்டிலிருந்து தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள் வழியாக அதில் நுழைந்து பார்த்தபின், பழைய பெட்டியைக் கிளறி, மோடம் பற்றிய என் கேள்வியை அந்நாளில் அச்சிட்டு வைத்திருந்த தாளைத் தேடி எடுத்தேன். மடலின் தலைப்பகுதியில், அது கடந்து வந்த சேர்வர்களின் பெயர்கள் ஆச்சரியக்குறிகளால் பிரிக்கப்பட்டு ஒரே வரியில் நிற்கின்றன. அந்த வரியை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும். அப்படிப் படிக்கும்போது முதலாவதாக வரும் சேர்வர்ப் பெயர், யாருக்கும் சொல்லாமல் மூடப்பட்ட எங்கள் கொழும்புச் சேர்வரின் பெயர்.