தலைய சாய்ச்சா ஸ்க்ரீன் கருப்பாகுது

போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டுட்டு எல்சிடி ஸ்க்ரீன் பாத்திருக்கீங்களா, தலைய மெல்ல சாய்ச்சா மங்கிக்கிட்டே போய் ஒரு கோணத்துல மொத்தமா கருப்பாயிடும், முதல்ல ஸ்க்ரீன்தான் போச்சுன்னு பயந்துட்டேன்.

விஷயம் என்னன்னா ஒளி குறுக்கலை, அது போற திசைக்கு குறுக்காலதான் மின்புலமும் காந்தப்புலமும் அதிருது. ஸ்க்ரீன்லருந்து வர்ற ஒளி ஒரே வாக்குல அதிருது, போலரைஸ்டு கண்ணாடியும் ஒரு வாக்குல அதிருற ஒளியத்தான் உள்ள விடும், அதனால தலைய சாய்ச்சு ரெண்டும் குறுக்கா ஆனா கண்ணாடி அத மறிச்சிடுது. சத்தம் மாதிரி நெட்டலையா (போற திசையிலயே முன்னும் பின்னும் அதிருற அலை) இருந்தா எப்படி திருப்புனாலும் ஒரு மாத்தமும் இருக்காது.

1808ல மாலுஸ்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி, ஜன்னல் கண்ணாடில பட்டு வந்த வெளிச்சத்த ஒரு படிகம் வழியா திருப்பித் திருப்பி பாத்துதான், திருப்புறப்ப வெளிச்சம் கூடிக் குறையிறத கவனிச்சாரு (அவரு ஒளிய துகள்னு நம்புனவரு, அது தனி கூத்து). ஒளி குறுக்கலைதான்னு இன்னொரு பிரெஞ்சு விஞ்ஞானி ஃப்ரெனெல் அடிச்சு சொன்னது 1821ல.

இன்னொண்ணு, இந்தக் கண்ணாடி மாதிரி ரெண்டு போலரைஸிங் ஃபில்டர குறுக்கும் நெடுக்குமா வெச்சா இருட்டு, நடுவுல மூணாவத 45 டிகிரில சொருகுனா வெளிச்சம் திரும்ப வருது!