ஆத்தங்குடிக் கல்லைக் கப்பலேற்றும் முன்

செட்டிநாட்டில் கையால் வார்க்கும் ஆத்தங்குடித் தரைக்கல் வெளிநாட்டில் விலைபோகுமா என்று பினாங்கு, சிங்கப்பூர் சொந்தபந்தத்திடம் கேட்டால், "பேஷாப் போகும்" என்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது ஊரில் இந்தக் கல் பதித்த வளவு, அதாவது செட்டிநாட்டு வீடு. வாங்கப்போகிறவர் அந்த வளவைப் பார்த்ததே இல்லை.

நாங்கள் பிடித்துக்கொண்டது, சரக்கை வகைபிரிக்கும் சுங்கத்தின் எச்.எஸ். எண்ணை. அதில் முதல் 6 இலக்கம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். 'டைல்' என்று தேடினால் 6907 வரும். அது சூளையில் சுட்ட பீங்கான் கல். நம்முடையது சுடாத சிமெண்ட் கல், 6810.19. ட்ரேட் மேப் தளத்தில் இந்த எண்ணைப் போட்டால், எந்த நாடு யாரிடம் எவ்வளவு வாங்குகிறது என்று தெரியும். ஆனால் நடைபாதைக் கல்லும் இதே எண்ணில்தான் வருகிறது. மொத்தத் தொகையைக் கண்டு மயங்காமல், அதை எடையால் வகுத்துப் பாருங்கள். கிலோ விலை அடிமட்டத்தில் இருந்தால் அது நம் சந்தை இல்லை.

மீதியை அங்கே கல் பதிக்கிறவரிடம்தான் கேட்க வேண்டும். இறக்குமதியாளர் மேசைக்கு மாதிரி அனுப்பினால் "பூ அழகு" என்று பதில் வரும், அவ்வளவுதான். 8 அங்குலக் கல் 20, அதாவது சுமார் 9 சதுர அடி, பதிக்கிறவர் கைக்குப் போகட்டும். அந்தக் காலத்தில் மூன்று வருஷக் கணக்குக்குக் கடல்கடந்து போன பெட்டியடிப் பையன், அதாவது தொழில் பழகும் பையன், அங்கே செட்டியார் கிட்டங்கியில் தங்கிக் கற்றதில் கொஞ்சமாவது இதில் கிடைக்கும். நம் கொத்தனார் கனத்த கலவைமேல் தட்டித் தட்டி மட்டம் பார்ப்பார். கல்லுக்குக் கல் 2 மி.மீ. கூடக்குறைய இருந்தாலும் கலவை விழுங்கிவிடும். அங்கே மெல்லிய பசை. விளிம்பு காலில் இடறும். சீலர் என்ற கறைதடுக்கும் பூச்சு அடிக்காத கல்லில் இடுக்குப் பூச்சின் கறுப்பு ஏறினால் போகாது. கண்ணாடியில் வார்த்த வழவழப்பு நமக்குப் பெருமை. ஆஸ்திரேலியக் குளியலறைக்கோ, ஈரத்தில் வழுக்காது என்று அந்நாட்டுத் தரமான ஏ.எஸ். 4586-ன்படி சோதனை அறிக்கை கேட்பார்கள்.

கல்லைப் பொதியாகக் கட்டும்போது வைக்கோல் வேண்டாம், ஆஸ்திரேலியத் துறைமுகத்தில் விடமாட்டார்கள். மரப்பெட்டி என்றால் மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி, மரத்தில் பூச்சி போகாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐ.எஸ்.பி.எம். 15-ன் முத்திரை வாங்க வேண்டும். கல் முழுக்கக் காயாமல் அடைத்தால், கண்டெய்னர் வியர்த்து, திறக்கும்போது உப்புப் பூத்திருக்கும்.

விலை சொல்லுமுன் எடை போடுங்கள். ஒரு கல்லே ஒன்றரைக் கிலோவுக்கு மேல். தூத்துக்குடியில் ஏற்றும் 20 அடி கண்டெய்னர் பாதி காலியாக இருக்கும்போதே எடை வரம்பை எட்டிவிடும். நிரம்பும் என்று நினைத்து ஒரு கல்லுக்குக் கப்பல் கூலி போட்டவர்களுக்கு முதல் ஆர்டரே கையைக் கடித்திருக்கிறது.