பதக்கத்தின் முகத்தை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள்

போர்க்கால நினைவுப் பொருள் எது கைக்கு வந்தாலும் கூடவே ஒரு கதையும் வந்துவிடும். தாத்தா முன்வரிசையில் நின்றார், அரசரே நெஞ்சில் சூட்டினார், இந்தப் பெட்டியில் பட்ட குண்டுதான் அவரைப் பிழைக்கவைத்தது. சேகரிப்பு வேலையில் முதலில் பழக வேண்டியது, அந்தக் கதையைப் பொறுமையாகக் கேட்டு, சொன்னவரின் சொற்களிலேயே எழுதி, பொருளோடு ஒட்டாமல் தனியே வைப்பது. பதிவேட்டில் இரண்டு பத்திகள் போதும்: 'சொன்னது', 'பார்த்தது'. சான்று கிடைக்காமல் முதல் பத்தியிலிருந்து எதுவும் இரண்டாவதற்கு நகரக் கூடாது.

இதைக் கற்றுக்கொள்ள முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் பதக்கங்களைவிட நல்ல பாடநூல் கிடையாது. பெரும்பாலானவற்றில் பெற்றவரின் விவரம் பொறித்தே கொடுத்தார்கள். வெள்ளியாலான போர்ப் பதக்கத்திலும் வெண்கல வெற்றிப் பதக்கத்திலும் அது விளிம்பில் இருக்கும்; 1914 நட்சத்திரம், 1914-15 நட்சத்திரம் என்ற நட்சத்திர வடிவப் பதக்கங்களில் பின்புறத்தில் இருக்கும். எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்பது வழக்கமான வரிசை. தரைப்படை அதிகாரிகளின் போர்ப் பதக்கத்திலும் வெற்றிப் பதக்கத்திலும் படைப்பிரிவு இருக்காது. இது தெரியாமல் அசலைப் போலி என்று ஒதுக்கியவர்கள் நிறைய.

பெயரைவிட அதிகம் பேசுவது, எந்தப் பதக்கத்தோடு எது சேர்ந்திருக்கிறது என்பது. 1914 ஆகஸ்ட் 5க்கும் நவம்பர் 22க்கும் இடையே பிரான்சிலோ பெல்ஜியத்திலோ இருந்தவருக்கு 1914 நட்சத்திரம். 1915 முடிவதற்குள் மற்ற களங்களுக்கோ, அந்தத் தேதிக்குப் பிறகு பிரான்சுக்கோ பெல்ஜியத்துக்கோ போனவருக்கு 1914-15 நட்சத்திரம். இரண்டும் ஒருவருக்கே கிடைக்காது. நட்சத்திரமே இல்லாமல் போர்ப் பதக்கமும் வெற்றிப் பதக்கமும் மட்டும் இருந்தால், அவர் களத்துக்கு வந்தது 1916இலோ அதற்குப் பிறகோ. போர்ப் பதக்கம் மட்டும் தனியாக இருந்தால், கடல்கடந்து பணியாற்றினார், ஆனால் போர்க்களம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் அல்ல. இந்தியாவில் காவற்பணிக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் பிரதேசப் படையினர் (டெரிடோரியல் ஃபோர்ஸ் என்ற பகுதிநேரப் படையினர்) பலர் இந்த வகை. 1915இல் துருக்கியின் கலிபோலியில் போரிட்டார் என்ற கதையோடு நட்சத்திரமில்லாத ஜோடி வந்தால், ஒன்று நட்சத்திரம் தொலைந்திருக்க வேண்டும், இல்லை கதை வளர்ந்திருக்க வேண்டும்.

வெற்றிப் பதக்கம் மட்டும் தனியாக வந்தால்? அப்படி யாருக்கும் தரப்படவில்லை. வெற்றிப் பதக்கம் பெற்றவருக்குப் போர்ப் பதக்கமும் உண்டு. அதனால் ஒற்றை வெற்றிப் பதக்கம் என்றால் ஜோடி உடைந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கே போனது மற்றது? போர்ப் பதக்கம் ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் ஸ்டெர்லிங் வெள்ளி. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியபோது, பதக்கமாக விற்பதைவிட உலோகமாக விற்பதே லாபம் என்றாயிற்று. ஏராளமானவை உருக்குக் கலத்துக்குப் போயின. உருக்கினால் காசு தராத வெண்கலம் மேசை இழுப்பறையில் தங்கிவிட்டது. சீன, இந்திய, மால்டா தொழிலாளர் படையினருக்குப் போர்ப் பதக்கத்தையே வெள்ளிக்குப் பதில் வெண்கலத்தில் கொடுத்தார்கள், ஏறத்தாழ 1,10,000. கொடுக்கும்போது அது பாகுபாடு. 1980இல் அதே பாகுபாடுதான் அந்தப் பதக்கங்களைக் காப்பாற்றியது.

விளிம்பில் உள்ள பெயரை ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். பதக்க அட்டவணை அட்டைகளையும் பதக்கப் பட்டியல்களையும் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் வழியே பார்க்கலாம். சிப்பாய்களின் பணிக் கோப்புகள் அப்படியில்லை. 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் போர் அலுவலகக் கிடங்கு எரிந்து பெரும்பகுதி சாம்பலானது. அமெரிக்கச் சிப்பாய் என்றால் 1973 ஜூலை 12 செயின்ட் லூயிஸ் தீ நினைவுக்கு வர வேண்டும். 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு அதில் போயிற்று. கோப்பு கிடைக்கவில்லை என்பதால் ஆள் பணியாற்றவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

இனி ஏமாற்று வேலை. சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று இறந்தவரின் பதக்கத்துக்கு மதிப்பு பல மடங்கு என்பதால், சாதாரணப் பெயரை அரம் போட்டு எடுத்துவிட்டு வேறு பெயர் பொறிப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க வெர்னியர் காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவி போதும். போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம் இரண்டின் விட்டமும் 36 மி.மீ.; ஒரே இடத்தில் அளக்காமல் சுற்றிலும் ஐந்தாறு இடங்களில் அளக்க வேண்டும். அரம் பட்ட இடத்தில் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு குறையும். பிறகு பத்து மடங்கு லென்ஸ், பக்கவாட்டு வெளிச்சம். இயந்திர அச்சால் அழுத்திய எழுத்தின் அடி சமமாக இருக்கும். கையால் வெட்டிய எழுத்தில் உளியின் தடமும் ஓரப் பிசிறும் தெரியும். ஆனால் கைவெட்டு என்றாலே போலி என்று முடிவு கட்டாதீர்கள். கிரிமியப் போர்ப் பதக்கங்களில் அதிகாரபூர்வமாகப் பொறித்ததும் உண்டு, பெயரே இல்லாததும் உண்டு, பெற்றவர் தன் காசில் பொறித்துக்கொண்டதும் உண்டு. வார்ப்புப் போலியைப் பிடிப்பது எளிது: ஆறும்போது உலோகம் சுருங்குவதால் விட்டம் குறையும், பரப்பில் ஊசிக்குழி இருக்கும்.

இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்களில் நிலைமை தலைகீழ். ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் பெயர் பொறித்தன; பிரிட்டன் பொறிக்கவில்லை. யாரும் எந்தத் தொகுப்பையும் கோத்துவிடலாம். ஆளோடு இணைக்கும் ஒரே சரடு, அஞ்சலில் வந்த சின்ன அட்டைப்பெட்டியும் உள்ளே இருந்த சீட்டும்தான். பலர் அழுக்கு என்று அதைத்தான் முதலில் எறிகிறார்கள்.

சுத்தம் செய்யும் ஆசை இந்தத் துறையின் பெரிய எதிரி. மெருகுப் பசை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளியைத் தின்னும். முதலில் தேய்வது அரசரின் மூக்கும் விளிம்பின் எழுத்தும். கறுப்பு அப்படியே இருக்கட்டும். பிவிசி உறையில் போட்டால் சில ஆண்டுகளில் பச்சைப் பிசுபிசுப்பு வரும், ஏனென்றால் அந்தப் பிளாஸ்டிக் சிதையும்போது அமிலம் வெளியேறுகிறது. பாலியஸ்டர் அல்லது பாலித்தீன் உறை நல்லது. ரப்பர் வளையம் கூடவே கூடாது. அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ஓக் அலமாரி பார்க்க அழகு, ஆனால் அது விடும் ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கும்.

சீருடையில் அந்துப்பூச்சி இருந்தால் மருந்து அடிக்காதீர்கள். பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்து ஒரு நாள் கழித்தே பையைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் துணி மேல் நீர் கோக்கும். புற ஊதா விளக்கில் தையல் நூல் நீலமாக ஒளிர்ந்தால் அது போருக்குப் பிந்திய நூலாக இருக்கலாம். இங்கேயும் அவசரம் கூடாது: பின்னாளில் சலவைத்தூளில் துவைத்த பழந்துணியும் ஒளிரும். துவைத்த துணி முழுக்க ஒளிரும். புதுத் தையல் என்றால் நூல் மட்டும் ஒளிரும்.

சில பொருட்களில் வரலாறு இன்னும் உயிரோடு இருக்கிறது. விமானக் கருவி முகப்புகளிலும் திசைகாட்டிகளிலும் ஒளிர்வதற்காகப் பூசிய கதிரியக்க ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். ஒளிர்வது நின்றிருந்தால் சிதைந்தது அதோடு கலந்த, ஒளியைத் தரும் துத்தநாகச் சல்பைடுதான், ரேடியம் அப்படியே இருக்கிறது. கண்ணாடியைத் திறக்காதீர்கள், காற்றோட்டமில்லாத பெட்டியில் குவிக்காதீர்கள். பிரிட்டிஷ் வாயு முகமூடிகளின் வடிகட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். புகைப்படத்துக்காக அணிந்து பார்ப்பது மூளையற்ற செயல். வெடிக்காத குண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை: தொடாமல் விலகி, காவல்துறையை அழையுங்கள்.

நம் மொழியிலேயே ஒரு போர் நினைவுப் பொருள் இருக்கிறது: எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர், கில்லாடி ஆளைக் குறிக்கும் சொல்லாகி நின்றுவிட்டது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் அதை வீழ்த்திய 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலின் மாலுமிகளுக்கு, எம்டனிலிருந்து மீட்ட மெக்சிகோ வெள்ளி நாணயங்களையே மேலே கிரீடமும் பட்டையும் சேர்த்துப் பதக்கமாக்கிக் கொடுத்தார்கள். நாணயம் அசலாக இருப்பது எதையும் நிரூபிக்காது, அந்த நாணயம் உலகெங்கும் புழங்கியது. சோதிக்க வேண்டியது சேர்த்த பகுதியையும் பற்றவைத்த இடத்தையும்தான்.

உடைந்த ஜோடிக்கு என்ன செய்வது என்பதில் சேகரிப்பாளர்களுக்குள் சண்டை உண்டு. வேறொருவரின் போர்ப் பதக்கத்தை வாங்கி இடத்தை நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பதக்கம் அடுக்கும் தட்டு அழகாகத்தான் இருக்கும். ஆனால் இருபது ஆண்டு கழித்து அதைத் திறப்பவருக்கு எது எவருடையது என்று தெரியாது. தட்டில் அந்த வட்டத்தைக் காலியாக விட்டு, அமிலமற்ற சீட்டில் மென்மையான பென்சிலால் 'போர்ப் பதக்கம் இல்லை' என்று தேதியோடு எழுதி வையுங்கள்.